ஆற்றங்கரையும் பேங்க், பணம் போடுற இடமும் பேங்க்: ஏன்?

கேள்வி: ஆங்கிலத்தில் ஆற்றங்கரைக்கும் பேங்க் என்கிறார்கள், பணம் போடும் இடத்துக்கும் பேங்க் என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டா, எழுத்து மட்டும்தான் ஒன்றா? ஏழாவது படிக்கும் மகன் கேட்கிறான், எப்படிச் சொல்வது?

தொடர்பு உண்டு. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாம் உட்காருகிற பெஞ்சு.

எனக்கு ஊர் திருவையாறு பக்கம், குடமுருட்டி ஓரம். எங்கள் ஊரில் கரை என்றால் தண்ணீர் தொடுகிற இடம் மட்டும் இல்லை. வெள்ளம் ஊருக்குள் வராமலிருக்க மண்ணைப் போட்டு உயர்த்திய நீளமான மேடு அது. இரண்டு பக்கமும் சரிவு, மேலே மாட்டுவண்டி போகிற அளவுக்குச் சமதளம். கரைக்கும் ஆற்றுக்கும் இடையில் வாழை போடுகிற படுகை. அப்பா சாயங்காலம் வயலிலிருந்து வந்ததும் மண்வெட்டியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, சரிவில் காலை நீட்டிக் கரைமேல் உட்காருவார். மண்வெட்டியில் ஒட்டிய சேறு காய்ந்து உதிரும்வரை பேச்சு ஓடும். நாலு பேர் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டால் அது பெஞ்சேதான்.

அந்தச் சொல்லுக்கும் இதே உருவம்தான் அடிப்படை. பழைய ஜெர்மானிய மொழிகளில் திட்டு, சரிவு, உட்காரும் பலகை ஆகியவற்றுக்கு ஒரே குடும்பத்துச் சொற்கள் இருந்தன. அதில் ஒரு கிளை வடக்கே ஸ்காண்டிநேவிய மொழிகள் வழியாக இங்கிலாந்துக்கு வந்து மண்மேடு, ஆற்றங்கரை என்று நின்றது. இது சுமார் 1200-ஆம் ஆண்டிலேயே ஆங்கிலத்தில் இருக்கிறது. பலகை என்ற பொருளில் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த உறவுச் சொல்தான் பெஞ்ச். டீக்கடை வாசலில் கிடப்பதும் அதுதான், மதுரையில் 2004 முதல் இயங்கும் உயர் நீதிமன்றக் கிளையை மதுரை பெஞ்ச் என்று சொல்கிறோமே, அதுவும் அதுதான். நீதிபதிகள் அமர்கிற பலகை.

பணத்தின் பேங்க் வேறு பாதையில் வந்தது. அதே ஜெர்மானியச் சொல் இத்தாலிக்குப் போய் பாங்கா ஆனது. அங்கே பணம் மாற்றுகிறவர்கள் கடைவீதியில் ஒரு பலகையைப் போட்டு, அதன்மேல் காசைப் பரப்பித் தொழில் செய்தார்கள். பலகையின் பெயரே தொழிலுக்கும் ஒட்டிக்கொண்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியில்தான் அது ஆங்கிலத்துக்குள் வருகிறது. அதாவது ஆற்றங்கரை அங்கே போய்ச் சேர்ந்து ஏறக்குறைய முந்நூறு வருஷம் கழித்து, தூரத்துச் சொந்தம் ஒன்று வேறு வாசல் வழியாக வந்து அதே பெயரைச் சொன்னது.

நாம் மஞ்சக் கடுதாசி கொடுப்பது என்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் பேங்க்ரப்ட் என்கிறார்கள். இத்தாலிய மொழியில் பாங்கா ரோத்தா, உடைந்த பலகை. கடனைக் கொடுக்க முடியாதவனின் பலகையை ஊரார் நிஜமாகவே உடைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. தொழில் நொடித்ததையே ‘உடைந்தது’ என்று சொல்லியிருப்பார்கள் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கரை உடைந்தது என்ற வார்த்தையைக் கேட்டாலே வயிற்றைப் பிசைகிற ஊரில் வளர்ந்தவனுக்கு இது உடனே புரியும்.

விமானம் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்வதையும் பேங்க் என்பார்கள். அது கரையின் சரிவிலிருந்து வந்தது. ரத்த வங்கி பணத்தின் பக்கம்: 1937-இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் என்ற மருத்துவர் வைத்த பெயர். போட்டு வைத்து, வேண்டும்போது எடுப்பது.

சிலர் பங்கு என்ற தமிழ்ச் சொல்தான் பேங்க் ஆனது என்று எழுதுகிறார்கள். ஒலி நெருங்குவதால் அப்படித் தோன்றும், ஆனால் மேலே சொன்ன பாதையில் தமிழுக்கு இடமில்லை. வங்கி என்பதும் பேங்க் என்ற ஒலியை ஒட்டி நாம் எடுத்துக்கொண்டதுதான். அதற்கு முன்பே தமிழில் வங்கி என்றால் மேல்கையில் போடுகிற நகை. என் பாட்டியின் வங்கி பல வருஷம் வங்கியில்தான் இருந்தது, அடகில்.

இங்கிருந்து பெருமைப்பட வேண்டுமென்றால் கரை என்ற நம் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டிக்குக் கரை, ஆற்றுக்குக் கரை. தஞ்சாவூர் மிராசு கிராமங்களில் நிலப் பங்குகளுக்கும் கரை என்றே பெயர். பங்காளிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நிலத்தை மாற்றிப் பிரித்துக்கொள்வதைக் கரையீடு என்றார்கள். ஆக, இங்கேயும் ஒரே சொல் ஆற்றுக்கும் நின்றது, சொத்துக் கணக்குக்கும் நின்றது.

1904-இல் கும்பகோணத்தில் கும்பகோணம் பேங்க் தொடங்கினார்கள், இன்றைய சிட்டி யூனியன் பேங்க் அதுதான். ஊரோ காவிரிக்கும் அரசலாற்றுக்கும் நடுவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் சொன்னால், ஒரு பேங்கின்மேல் இன்னொரு பேங்க். மகனிடம் இதைச் சொல்லுங்கள், மறக்க மாட்டான்.

முடிந்தால் ஒரு நாள் அவனை ஆற்றுக்கு அழைத்துப்போய்க் கரைமேல் உட்கார வையுங்கள். அப்புறம் இந்த ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த வருஷங்களில், தண்ணீர் எங்கள் ஊருக்கு வந்து சேர்கிற அன்று அப்பா சொல்வது இது: “இந்தக் குறுவை நல்லபடியா வீடு வந்துட்டா, பேங்க் கடன்லேருந்து கரையேறிடலாம்டா தம்பி.”