நாட்டு நடப்பு இப்படி இருக்கையில் ஆற்றையும் மரத்தையும் வரைவதில் என்ன பொருள் இருக்கிறது?

வார இறுதிகளில் ஏரிக்கரைகளை நீர்வண்ணத்தில் வரைகிறேன், ஆனால் போரும் வெள்ளமும் செய்தியில் ஓடும் நாட்களில் தூரிகையைத் தொடவே கூசுகிறது, அந்தச் செய்திகளை ஒரு நிலக்காட்சிக்குள் கொண்டுவர வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் செய்தியைத் தேடிப்போய்ப் பிடித்து வந்து படத்தில் வைக்க முடியாது என்பது என் அனுபவம். நாம் வழக்கமாக உட்காரும் கரைக்கு அதுவே ஒரு நாள் வந்து சேரும். அன்றைக்கு அந்தக் கரை நமக்கு நன்றாகப் பழகியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் வரைவது சென்னைக்கு வடக்கே உள்ள எண்ணூர்க் கழிமுகத்தை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம். 2016 முதல் மாதம் ஒரு முறையாவது விடியற்காலை கும்மிடிப்பூண்டி ரயிலைப் பிடித்து எண்ணூரில் இறங்கிவிடுவேன். அலையாத்திப் புதர்கள், ஃபைபர் படகுகள், இடுப்பளவு நீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர்கள், அவர்களுக்குப் பின்னால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள். விருந்தாளியை அழைத்துப் போய்க் காட்டும் இடம் அல்ல. என்னை அங்கே கட்டிப்போட்டது அதன் சாம்பல் நிறம். அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலந்தால் ஒரு சாம்பல் கிடைக்கும். காயும்போது நீலத் துகள்கள் தனியே பிரிந்து தாளின் சிறு குழிகளில் தங்கிவிடும். காலை ஏழு மணிக்கு அந்தக் கழியின் மேல் கிடக்கும் வெளிச்சத்தை அந்தக் கலவை அப்படியே கொடுக்கிறது.

முதல் அரை மணி நேரம் எதுவும் வரைய மாட்டேன். நீர் ஏறுகிறதா வடிகிறதா, காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு தீப்பெட்டி அளவில் பென்சிலால் மூன்று நான்கு கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் வெளிச்சம், இடைநிழல், இருள் என்று மூன்றே அழுத்தங்களை மட்டும் வைத்துப் பார்ப்பேன். வெள்ளை வண்ணம் நான் எடுத்துப்போவதில்லை. தாள்தான் வெள்ளை. ஆகவே எதைத் தொடாமல் விடப்போகிறோம் என்பதை முதல் சொட்டு வண்ணம் விழுவதற்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். பிறகு வானம். மார்கழியின் ஈரக்காற்றில் அது காய்வதற்குள் பொறுமை போய்விடும். சித்திரையில் தூரிகை தாளின் மறுமுனையை எட்டும் முன்பே காய்ந்து கோடு விழுந்துவிடும். கடைசியாக, தாளின் பின்பக்கத்தில் தேதி, நேரம், காற்று, நீர்மட்டம் ஆகியவற்றை எழுதி வைப்பேன். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822ஆம் ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் மேகங்களை வரைந்தபோது இப்படித்தான் பின்னால் நாளையும் நேரத்தையும் காற்றின் திசையையும் குறித்து வைத்தார். அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் இது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது. மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கழிமுகத்துக்குள் இறங்கியது. சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவியிருக்கிறது என்று செய்தி வந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. உடம்பெல்லாம் எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் புகைப்படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வெளியாயின. நானும் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்து ஒரு கூழைக்கடாவை வரைந்தேன். கோபத்தோடு வரைந்தேன். பறவை சரியாகவே வந்திருந்தது. ஆனால் நான் என் கண்ணால் கண்டது எதுவும் அந்தத் தாளில் இல்லை. உலகில் எந்த ஊரில் எண்ணெய் கொட்டியிருந்தாலும் அந்தப் படத்தை அங்கே ஒட்டியிருக்கலாம்.

ரயில் சீரானதும் போனேன். இறங்கியவுடனே தார் வாடை. கரையில் மீனவர்கள் வாளியாலும் குவளையாலும் எண்ணெயை அள்ளிப் பீப்பாய்களில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கமாக உட்காரும் திட்டில் உட்கார்ந்து, வழக்கம்போல அரை மணி நேரம் பார்த்தேன். இதைச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்: தண்ணீர் அன்றைக்கு மிக அழகாக இருந்தது. எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்கிவிடும். ஏழு ஆண்டுகளாக ஒரு நாளும் அசையாமல் நிற்காத அந்த நீர் கண்ணாடிபோல் நின்று, புகைபோக்கியைத் தலைகீழாகத் துல்லியமாகக் காட்டியது. புதிதாக வந்த ஒருவர் அதை அமைதி என்றே நினைத்திருப்பார். என் பையில் பழைய தாள்கள் சில இருந்தன. ஒவ்வொன்றிலும் நீரின் மேல் வெட்டுவெட்டாக வெள்ளை விட்டிருந்தேன், சிற்றலையின் மினுக்கத்துக்காக. அன்றைய காட்சியில் அந்த வெள்ளைக்கு இடமே இல்லை. என்ன போயிற்று என்று எனக்குக் காட்டியது அந்த வெள்ளைதான். புகைப்படத்தில் அது எனக்குத் தெரியவில்லை.

அலையாத்தியின் மூச்சு வேர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேல்நோக்கி நிற்கும். அவற்றின் தோலிலுள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மரத்தின் வேர் காற்றை வாங்குகிறது. அன்றைக்கு வேர் ஒவ்வொன்றும் தார் பூசிய குச்சியாக நின்றது. ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். விரலில் ஒட்டிய கருப்பு ஓரத்தில் பழுப்பாகவும், அதற்கும் ஓரத்தில் தேன் நிறமாகவும் மெலிந்தது. ஒரு பையன் பாட்டிலில் கொஞ்சம் எண்ணெய் கொண்டுவந்து, இதிலேயே வரையுங்கள் என்று நீட்டினான். துண்டுத் தாள் ஒன்றில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். சொட்டைச் சுற்றி மஞ்சள் வளையம் ஒன்று கிளம்பி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அகன்றது. படத்தில் அதைச் சேர்க்கவில்லை. அந்த எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து அதையே என் வண்ணமாக்கிக்கொள்ள மனம் வரவில்லை.

மரத்தண்டுகளிலும் கரையோரச் சுவர்களிலும் வெள்ளம் ஏறி நின்ற உயரத்துக்கு ஒரு கருங்கோடு இருந்தது. அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் எங்கும் ஒரே மட்டம். அதை வரைந்தபோது ஒரு தவறு செய்தேன். கோடு இருந்தபடி வைத்தால் படத்தின் நட்டநடுவில் விழுந்து தாளை இரண்டாக வெட்டிவிடும். நடுவில் கிடைக்கோடு கூடாது என்பது ஓவியம் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே சொல்லித்தரும் பாடம். பழக்கதோஷத்தில் கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். படம் இதமாக உட்கார்ந்தது. வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் வந்து எட்டிப் பார்த்தார்.

“கோடு அங்கே இல்லையே, தம்பி” என்றார்.

பிறகு கையைத் தம் இடுப்பில் வைத்து, “இங்கே வரைக்கும் வந்தது. அரிசி மூட்டையெல்லாம் போய்விட்டது” என்றார்.

எனக்கு முகம் சூடேறியது. நீர்வண்ணத்தில் இருளைத் துடைத்து எடுக்க முடியாது. இன்னொரு தாளை எடுத்தேன். இந்த முறை கோட்டை அது இருந்த இடத்திலேயே வைத்தேன். மேலே வானமும் இலைகளும் புகைபோக்கியும், கீழே கருப்பு. தாள் இரண்டாக வெட்டுப்பட்டது. சுவரில் மாட்டினால் கண்ணை உறுத்தும். அது உறுத்தட்டும் என்று விட்டுவிட்டேன். இத்தனை ஆண்டுகளில் நான் வரைந்தவற்றில் எனக்கு முழுதாக நம்பிக்கையுள்ள படம் அது ஒன்றுதான்.

பால் நாஷ் என்ற ஆங்கில ஓவியரைப் பற்றி இந்த இடத்தில் சொல்ல வேண்டும். முதல் உலகப் போருக்கு முன் அவர் தம் நாட்டு மரங்களையும் குன்றுகளையும் வரைந்துகொண்டிருந்தவர். 1917இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையைப் பார்த்துவிட்டு, 1918இல் ‘நாம் ஒரு புதிய உலகைச் செய்துகொண்டிருக்கிறோம்’ என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஓவியம் தீட்டினார். லண்டன் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு வீரன் இல்லை, ஒரு பிணம் இல்லை. குண்டு கிளறிய மண் மேடுகள், முறிந்த மரக்கட்டைகள், செம்பழுப்பு மேகங்களுக்கு மேல் ஒரு வெளிறிய சூரியன். உயிருள்ள மரத்தின் முன் வருடக்கணக்கில் உட்கார்ந்தவரால்தான் ஒரு முறிந்த மரத்தை அப்படி வரைய முடியும் என்று நான் நம்புகிறேன்.

நமக்கோ இது புதிய செய்தியே அல்ல. சங்க அகப்பாடல்களில் நிலம் வெறும் திரைச்சீலையாக நின்றதில்லை. கழி, கண்டல் என்னும் அலையாத்தி, மீன், உப்பு என்று கருப்பொருளை மட்டும் சொல்லிவிட்டு, சொல்ல வந்த துயரத்தை உள்ளுறையாக வைத்தார்கள். கடற்கரை நிலமான நெய்தலுக்கு உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கல். எண்ணூரில் கழியும் இருக்கிறது, கண்டலும் இருக்கிறது, மீன் மட்டும் அந்த மாதம் விலை போகவில்லை. அதைச் சொல்ல எனக்கு ஒரு கூழைக்கடா தேவைப்படவில்லை.

ஆகவே ஏரியை விட்டுவிடாதீர்கள். ஒரே ஏரி, ஒரே கரை, முடிந்தால் ஒரே மரம். பின்பக்கத்தில் தேதியோடு நீர்மட்டத்தையும் எழுதுங்கள். வரத்துக்கால்வாய் அடைபட்டாலும், கரையில் புதிதாக ஒரு லாரி மண் கொட்டப்பட்டாலும் அது உங்கள் தாளில்தான் முதலில் தெரியும். காஸாவையோ உக்ரைனையோ அந்த ஏரிக்குள் வரவழைக்க முயல வேண்டாம். அவற்றுக்கு அந்த மண்ணைப் பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன.

எனக்கும் ஒரு படம் இன்னும் அகப்படவில்லை. அதே 2023 டிசம்பர் 26ஆம் தேதி இரவு, எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் சென்ற குழாயிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்து மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்கள். அமோனியாவுக்கு நிறம் கிடையாது. சுவரில் கோடு விடாது. கதவைச் சாத்தக்கூட நேரமில்லை, விளக்கும் எரிந்தபடியே கிடந்தது என்று அங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். திறந்த கதவும் உள்ளே எரியும் விளக்குமாகத் தீப்பெட்டி அளவில் இதுவரை பதினொரு கட்டங்கள் போட்டுவிட்டேன். எல்லாவற்றிலும் அந்த வீடு யாரையோ வரவேற்பதுபோல் இருக்கிறது. விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தால் சரியாகுமா, தெருவை இன்னும் அகலமாக்க வேண்டுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.