நோய் பரவுவதும் டிவி விற்பதும் ஒரே கணக்கா?

கணிதம், உயிரியல், வாங்குபவர் மனசு எல்லாம் ஒரே ஆராய்ச்சிக்குள் எப்படி வரும் என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பிடித்த உதாரணம் ‘பாஸ் மாடல்’ (Bass model), அதாவது ஒரு புதுப் பொருள் மக்களிடையே எப்படிப் பரவும் என்று கணிக்கும் சமன்பாடு.

1838-இல் பெல்ஜியத்தின் கணிதவியலாளர் வெர்ஹுல்ஸ்ட் மக்கள்தொகை வளர்ச்சிக்கு ஒரு சமன்பாடு எழுதினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் இடம் தீர்ந்து தட்டையாகும் எஸ் வடிவக் கோடு. 1927-இல் ஸ்காட்லாந்து ஆராய்ச்சியாளர்கள் கெர்மாக்கும் மெக்கென்ட்ரிக்கும் கொள்ளைநோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவுவதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள், அதைச் சரிபார்க்க எடுத்தது 1905-06 பம்பாய் பிளேக் மரணங்களை (கெர்மாக் அப்போது பார்வை இழந்தவர், நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது).

சரி, இதில் கடைக்காரருக்கு என்ன? 1969-இல் அமெரிக்காவின் சந்தைப்படுத்தல் ஆய்வாளர் ஃபிராங்க் பாஸ் சொன்னது இதுதான்: இன்னும் வாங்காத ஒருவர் இப்போது வாங்கும் வாய்ப்பு = p + q × (வாங்கக்கூடிய எல்லோரிலும் ஏற்கெனவே வாங்கியவர்களின் பங்கு). p என்பது விளம்பரம் மாதிரி வெளியிலிருந்து வரும் தூண்டுதல், q என்பது பக்கத்து வீட்டில் பார்த்து வரும் ஆசை, அதாவது தொற்று. பல பொருள்களுக்குச் சராசரி எடுத்தபோது p சுமார் 0.03, q சுமார் 0.38 என்று வந்தது. பக்கத்து வீடுதான் பெரிய விற்பனையாளர்!

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். விற்பனை உச்சத்தைத் தொடும் முன், இரண்டு மூன்று வருடத் தரவை வைத்து p, q கண்டுபிடித்தால் எண்கள் தாறுமாறாக ஆடும். அப்புறம், இது முதல்முறை வாங்குவதை மட்டும்தான் எண்ணுகிறது. பழைய டிவியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறவர் இந்தக் கணக்கில் இல்லை.