இரண்டு நாளில் காலி செய்யச் சொல்லும் வீட்டுக்காரர்

வணக்கம் தோழி. திருநங்கை என்று தெரிந்ததும் ஓனர் இரண்டு நாள் கெடு வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். முதலில், பயத்தில் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு வாடகை வீட்டில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. குடியிருக்கும் இடத்தைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்தினால் 18ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை.

சட்டத்தை நீட்டினால் எல்லாரும் அடங்கிவிடுவார்களா என்ன! எனக்கும் இப்படி நேர்ந்தபோது, என் ஓனரம்மா வாயே திறக்கவில்லை. காலையில் தண்ணீர் மோட்டாரை மட்டும் அணைத்துவிட்டார். மூன்று நாள் தெருக்குழாயில் குடம் பிடித்தேன். வாடகைக்காரருக்குத் தண்ணீர், கரண்டை நிறுத்துவதும் சட்டப்படி தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஜிபேயில் வாடகை அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், அட்வான்ஸ் பற்றிய வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றைக்கே தோழி ஒருத்திக்கு அனுப்பி வையுங்கள். அப்புறம் 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்து இலவச வக்கீல் கேளுங்கள். ஸ்டேஷனுக்குத் தனியாகப் போக வேண்டாம்.

ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற வேண்டி வந்தால், திருநர்களுக்கென்றே சென்னையில் கரிமா கிரஹ் காப்பகம் இருக்கிறது. இடம் உண்டா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு கொடுத்தீர்கள்?