சி.ஆர்.பி. 4.6 என்றதும் நாலு டப்பா வாங்க வேண்டாம்

கேள்வி: காரைக்குடியில் இருக்கிறேன். வயது 56. ஹெச்.பி.ஏ.1.சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.3, ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு) 238, ஹெச்.எஸ். சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) 4.6. டாக்டர் இரவில் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர்., கொழுப்புக்கு அடோர்வாஸ்டாடின் 10 எழுதிக் கொடுத்தார். உறவினர் ஒருவர், "உடம்புக்குள்ள அழற்சி இருக்கு, அதை அடக்குனா சுகர் தானா இறங்கும். மூணு மாசத்துல இங்கிலீஷ் மருந்தை விட்டுடலாம்" என்கிறார். குர்குமின் (மஞ்சளிலிருந்து எடுப்பது), பெர்பெரின், மீன் எண்ணெய், வைட்டமின் டி என நாலு டப்பா, மாதம் 6,200 ரூபாய். முழங்கால் வலிக்குச் சந்தையில் வாங்கிய பொடியும் ஆறு மாதமாகச் சாப்பிடுகிறேன். எல்லாவற்றையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: டாக்டர் கொடுத்த இரண்டு மாத்திரைகளையும் தொடருங்கள். நாலு டப்பாவும் வேண்டாம். முழங்கால் பொடியை மட்டும் இன்றைக்கே நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது கடைசி வரியில் வந்த அந்தப் பொடிதான்.

முதலில் அந்த 4.6. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். உடம்பில் எங்கே புண்ணோ தொற்றோ இருந்தாலும் ஏறும். சளி, ஈறு வீக்கம், சொத்தைப் பல், தொப்பைக் கொழுப்பு எல்லாம் அதை ஏற்றும். 1-க்குக் கீழ் நல்லது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் இதயத்துக்கு ஆபத்துக் கூடுதல் என்று கணக்கு. 10-ஐத் தாண்டினால் தொற்று இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு மூன்று வாரம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரு மாதம் 4.6, மறு மாதம் எந்த மருந்தும் இல்லாமலே 2.5 என்று வரும். டப்பா விற்பவர்களுக்கு இது வசதி. எண் தானாக இறங்கும், அவர்கள் அதைத் தங்கள் கேப்சூலின் கணக்கில் எழுதிக்கொள்வார்கள். "முன்னாடி பாருங்க, பின்னாடி பாருங்க" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் ரிப்போர்ட்டுகளை நம்பாதீர்கள்.

இனி பொடி. முழங்கால் வலி இரண்டு மூன்று நாளில் மாயமாய்ப் போய், பசி கூடி, முகம் உப்பி, லேசாக இடித்தாலும் தோல் கன்றிப் போகிறது என்றால், அதில் டெக்ஸாமெத்தசோன் அல்லது பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். பெயரில்லாப் பொட்டலங்களில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கலப்பதும் உண்டு, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், ட்ரைகிளிசரைடையும் ஏற்றும், ஆனால் சி.ஆர்.பி.யைக் குறைத்துக் காட்டும். அப்படியானால் உங்கள் 6.3-க்கும் 238-க்கும் அந்தப் பொடியே ஒரு காரணமாக இருக்கலாம். 4.6 என்பதும் உண்மையில் இன்னும் அதிகமாக இருக்கலாம். பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாதவரை உங்கள் மூன்று எண்களில் எதையும் முழுதாக நம்ப முடியாது.

பிறகு ஏன் உடனே நிறுத்தக் கூடாது? வெளியிலிருந்து ஸ்டீராய்டு மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து வந்தால், சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்தித் தூங்கிவிடும். பொடியைச் சட்டென்று விட்டால் உடம்புக்கு வெளி ஸ்டீராய்டும் இல்லை, சொந்த ஸ்டீராய்டும் இல்லை. இரண்டு மூன்று நாளில் எழுந்திருக்க முடியாத அசதி, வாந்தி, வயிற்றுவலி, பிரஷர் இறங்கி மயக்கம் என்று வரும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. அதனால் இரண்டு நாளுக்குள் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். உறையையும் மீதிப் பொடியையும் எறியாமல் கொண்டு போங்கள். காலை 8 மணிக்குக் கார்டிசால் (உடம்பின் சொந்த ஸ்டீராய்டு), கூடவே கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் பார்க்கச் சொல்வார். தேவைப்பட்டால் பொடிக்குப் பதில் அளவு தெரிந்த ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து வாரக்கணக்கில் குறைத்து நிறுத்துவார். ஏற்கெனவே நிறுத்திவிட்டு மயக்கமோ வாந்தியோ வந்தால், அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது: "ஸ்டீராய்டு கலந்த பொடி ஆறு மாசம் சாப்பிட்டு நிறுத்திட்டேன்." இதைச் சொல்லாவிட்டால் வெறும் வயிற்றுக்கோளாறு என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

டப்பாக்களுக்கு வருவோம். பெர்பெரின் ஒன்றும் அதிசயச் சரக்கில்லை. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் மரமஞ்சள் கட்டைக்கு மஞ்சள் நிறம் கொடுப்பதே அதுதான். சர்க்கரையைக் கொஞ்சம் இறக்கும், உண்மை. ஆனால் அடோர்வாஸ்டாடினை உடம்பு உடைத்து வெளியேற்றும் நொதியை இது தடுக்கும். ரத்தத்தில் அந்த மாத்திரையின் அளவு ஏறும், தசைவலி வரலாம். மெட்ஃபார்மினைப் போலவே வயிற்றுப் பொருமலும் பேதியும் தரும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டு வயிறு கெட்டால் நீங்கள் விடப்போவது மெட்ஃபார்மினைத்தான்.

குர்குமின் டப்பாவில் "2000 சதவீதம் அதிக உறிஞ்சல்" என்று எழுதியிருக்கும். 1998-ல் பெங்களூரில் 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைபரின் 20 மி.கி. கொடுத்துப் பார்த்ததில் வந்த எண் அது. குர்குமின் தனியாகப் போனால் ரத்தத்தில் சேர்வதே மிகச் சொற்பம், அந்தச் சொற்பம்தான் இருபது மடங்கானது. பைபரின் குர்குமினோடு நிற்காமல் மற்ற மருந்துகளின் அளவையும் கூட்டும். செறிவூட்டிய கேப்சூல்களால் கல்லீரல் அழற்சி வந்ததும் பதிவாகியிருக்கிறது. நம் வீட்டுக் குழம்பில் போகும் மஞ்சளும் மிளகும் இந்தக் கணக்கில் வராது, பயப்படாமல் சாப்பிடுங்கள்.

மீன் எண்ணெயின் முன்பக்கம் 1000 மி.கி. என்றிருக்கும். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். சாதாரண கேப்சூலில் வேலை செய்யும் ஒமேகா-3 கொழுப்புகளான இ.பி.ஏ. 180, டி.ஹெச்.ஏ. 120, ஆக 300 மி.கி.தான் சரக்கு. ட்ரைகிளிசரைடை இறக்க இவை இரண்டும் சேர்ந்து தினம் 2 முதல் 4 கிராம் வேண்டும், அதாவது ஏழு முதல் பதின்மூன்று கேப்சூல். அந்த அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயம் இருப்பதால் டாக்டர் சொல்லாமல் கூடாது. 238-க்கு அது தேவையும் இல்லை. தொண்டிப் பக்கமிருந்து வரும் மத்தி மீனை வாரம் இரண்டு நாள் குழம்பு வையுங்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் பெட்டியில் கொடுத்தனுப்பும் டப்பாக்களுக்கும் இதே கணக்குத்தான். பாசம் வேறு, மருந்தளவு வேறு.

வைட்டமின் டி குறைவென்று பரிசோதனையில் தெரிந்தால் வாரம் ஒன்று 60,000 யூனிட், எட்டு வாரம், அவ்வளவுதான். நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் வருடக்கணக்கில் வாராவாரம் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தில் கல் வரும்.

சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. உணவு என்று உரிமம் வாங்கி, "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சடித்து, வாயால் மருந்து என்று விற்கிறார்கள். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எண் உணவு உரிம எண், அது நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று அல்ல. இதைத் தட்டிக் கேட்க வேண்டியவர்கள் கேட்பதில்லை. ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதி, எதற்கு இந்த மாத்திரை என்றுகூடச் சொல்லாமல் அனுப்பினால், சொந்தக்காரர் டப்பாவோடு வீட்டுக்கு வரத்தான் செய்வார். பொறுமையாக உட்கார்ந்து பேச அவருக்கு நேரம் இருக்கிறது.

6.3 என்பது சர்க்கரை நோய் இல்லை, 6.5 தொட்டால்தான் நோய். இந்த நிலையில் இருந்த 531 பேரை வைத்துத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. மூன்று ஆண்டில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39.3. மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 40.5. ஆகவே விசேஷ வீட்டுக் கந்தரப்பமும், சர்க்கரையும் நெய்யும் போட்ட கவுனி அரிசியும் தினப்படி ஆகக் கூடாது. அரிசி கறுப்பு என்பதால் அதில் போட்ட சர்க்கரை குறையாது. சாப்பிட்டபின் 15 நிமிடம் நடங்கள். எடையில் ஐந்து சதவீதம் குறைந்தாலே ட்ரைகிளிசரைடு இறங்கும்.

மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மெதுவாகக் கரையும் மாத்திரை, அதை இரவுச் சாப்பாட்டோடு முழுதாக விழுங்குங்கள், உடைக்கவோ மெல்லவோ கூடாது. மலத்தில் மாத்திரையின் கூடு அப்படியே வெளிவந்தால் பயம் வேண்டாம், மருந்து உள்ளே கரைந்துவிட்டது. பேதி, வாந்தி உள்ள நாட்களில் டாக்டரைக் கேட்டு நிறுத்தி வையுங்கள். சைவம் என்றால் வருடம் ஒருமுறை பி12 பாருங்கள். மெட்ஃபார்மின் அதை மெல்லக் குறைக்கும், அதனால் பாதம் மரத்துப் போவதைச் சுகரால் வந்தது என்று தவறாக எண்ணிவிடுவார்கள்.

பொடி முழுதாக நின்று மூன்று மாதம் ஆனபின், சளியோ பல்வலியோ இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து, 12 மணி நேரம் சாப்பிடாமல், ஒரே லேபில் இதே மூன்று பரிசோதனைகளையும் எடுங்கள். மெட்ஃபார்மின் தொடர வேண்டுமா என்பதை அந்த ரிப்போர்ட்டை வைத்து டாக்டரிடம் கேளுங்கள்.