எம்.எல்.ஏ.வுக்குக் கம்ப்யூட்டர் தெரிய வேண்டுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

எங்கள் எம்.எல்.ஏ. தொகுதி நிதியில் இரண்டு பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை வந்திருக்கிறது. கடைத்தெருவில் கேமரா வைத்திருக்கிறார்கள். அவருடைய அலுவலகத்திலேயே இ-சேவை மையமும் நடக்கிறது. டிஜிட்டல் வளர்ச்சிக்கு ஒரு மக்கள் பிரதிநிதி இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்? தொழில்நுட்பத் திட்டங்களைச் சட்டமன்றம் கேள்வி கேட்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சர்வர், மென்பொருள், பயோமெட்ரிக் எல்லாம் பொறியாளர்களும் அதிகாரிகளும் பார்க்க வேண்டிய விஷயங்கள். அரசியல்வாதிகள் தலையிட்டால் தாமதம்தான் ஆகும் என்பது என் எண்ணம். என் அம்மாவுக்கு ரேஷன் கடையில் விரல் ரேகை பதியாமல் இரண்டு மூன்று தடவை வெறுங்கையோடு திரும்பியிருக்கிறார். அதைக்கூட நல்ல கருவி வாங்கினால் சரிசெய்துவிடலாம் அல்லவா?

எஸ்., விழுப்புரம் மாவட்டம்

அன்புள்ள எஸ்.,

உங்கள் அம்மாவின் விஷயத்திலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் அதைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதலில் பேச வேண்டியதாகத் தெரிகிறது.

நல்ல கருவி வாங்கினால் ஓரளவு சரியாகும். கருவிழிப் பதிவும் இப்போது வந்திருக்கிறது. ஆனாலும் எந்தக் கருவியும் எல்லோரையும் அடையாளம் கண்டுகொள்ளாது. காலமெல்லாம் களை பறித்து, கல் சுமந்து, பாத்திரம் தேய்த்த கைகளில் ரேகை மங்கிப்போகிறது. அப்படி விடுபடுகிறவர்களுக்கு எந்த வழியில் அரிசி கொடுப்பது? கொடுக்காமல் அனுப்பினால் யார் பொறுப்பு? இதைப் பொறியாளர் முடிவு செய்ய முடியாது. சட்டத்திலும் விதியிலும் எழுத வேண்டிய விஷயம் இது. அதை எழுதத்தான் ஓட்டுப் போட்டு ஆள் அனுப்புகிறோம்.

நம் எம்.பி.க்கள் இந்தக் கேள்வியைக் கேட்டும் இருக்கிறார்கள். ஆதார் ஆணையம் 2009இல் சட்டம் எதுவும் இல்லாமல், அரசு அறிவிக்கை ஒன்றின் மூலம் உருவானது. அதற்கான மசோதா 2010 டிசம்பரில் மாநிலங்களவைக்கு வந்தபோது எண் வழங்கும் வேலையே தொடங்கிவிட்டிருந்தது. மசோதாவை ஆராய்ந்து சொல்லும்படி நாடாளுமன்றத்தின் நிதித்துறை நிலைக்குழுவுக்கு அனுப்பினார்கள். குழுவின் தலைவர் யஷ்வந்த் சின்ஹா. பல கட்சிகளைச் சேர்ந்த அந்த எம்.பி.க்கள் 2011 டிசம்பரில் கொடுத்த அறிக்கையில் இருப்பவை சாதாரணக் கேள்விகள். நாடாளுமன்றம் முடிவெடுக்கும் முன்பே பதிவைத் தொடங்கியது ஏன்? தகவல் பாதுகாப்புக்குச் சட்டம் எங்கே? உடலுழைப்பை நம்பி வாழ்கிறவர்கள் அதிகம் உள்ள நாட்டில் 15 சதவீதம் பேர் வரை ரேகை பதிய முடியாமல் போகலாமே, அவர்களை என்ன செய்வீர்கள்? இந்த வடிவில் மசோதாவை ஏற்க முடியாது என்று குழு சொல்லிவிட்டது.

இதைக் கேட்க சர்வர் எப்படி ஓடுகிறது என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொகுதியில் யார் யார் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார்கள் என்று தெரிந்தால் போதும். அந்த அறிவு டெல்லியில் உட்கார்ந்திருக்கும் நிபுணரைவிட எம்.எல்.ஏ.வுக்கும் எம்.பி.க்கும்தான் அதிகம் இருக்கும்.

அப்புறம் நடந்ததைச் சொன்னால் வருத்தமாக இருக்கிறது. ஆட்சி மாறியது. 2016 மார்ச்சில் ஆதார் மசோதா பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டது. பண மசோதாவை மாநிலங்களவை தடுக்க முடியாது. பரிந்துரை மட்டும் செய்யலாம். அந்த அவை சொன்ன ஐந்து திருத்தங்களையும் மக்களவை அன்றே தள்ளிவிட்டது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். ஆதாருடன் இணைக்காததால் ரேஷன் அட்டை ரத்தாகி, வீட்டில் சோறு இல்லாமல் இறந்தாள் என்றது குடும்பம். மலேரியா என்றது மாநில அரசு. ஆதார் இல்லை என்பதற்காக யாருக்கும் ரேஷனை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை மாநிலங்களுக்குத் தெளிவாக எழுதியது அதற்கு அடுத்த மாதம்தான். 2011 அறிக்கையை உட்கார்ந்து படித்திருந்தால் அந்த உத்தரவு முதல் நாளே விதியாக இருந்திருக்கும். நீங்கள் தாமதத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். அந்தக் குழு எடுத்துக்கொண்டது ஒரு வருடம். எந்தத் தாமதத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

100 நாள் வேலையிலும் இதே கதைதான். வேலைக்கு வந்தவர்களை ஒரு நாளைக்கு இரண்டு முறை படம் எடுத்து ஏற்றும் செயலியை 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பணியிடங்களுக்கும் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத மலைக்கிராமங்களில் வேலை செய்தும் வருகை ஏறாமல் கூலி நின்றது. மோசடி நின்றதா? சம்பந்தமில்லாத படங்களும், படத்தையே படம் எடுத்து ஏற்றியவையும் வருகின்றன என்று 2025 ஜூலையில் ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயப்படுத்தாதீர்கள் என்று அதே ஆண்டு நாடாளுமன்ற நிலைக்குழுவும் பரிந்துரைத்தது. குழுக்களின் பரிந்துரையை அரசு ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை. அதனால்தான் உறுப்பினர்கள் அவையில் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று மக்களவையில் அறிமுகமானது. 7ஆம் தேதி அங்கே நிறைவேறியது, 9ஆம் தேதி மாநிலங்களவையில். இரண்டும் குரல் வாக்கெடுப்பு. நம் எல்லோருடைய தகவல்களையும் பற்றிய சட்டத்துக்கு ஒரு வாரம்கூட ஒதுக்கவில்லை. அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் திருத்துகிறது. பொதுநலன் கருதித் தனிநபர் தகவலைத் தரலாம் என்று 8(1)(j) பிரிவிலேயே இருந்த வாசகம் போய்விட்டது. எந்தத் திட்டத்தில் யாருக்கு எவ்வளவு போனது என்று ஊர்க்காரர் ஒருவர் கேட்டால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுப்பது இனி சுலபம். இது எனக்குப் பெரிய இழப்பாகப் படுகிறது.

உங்கள் எம்.எல்.ஏ. செய்திருப்பதைக் குறைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதில் ஸ்மார்ட் வகுப்பறை வருவது நல்ல விஷயம். ஆனால் அவர் கையில் இருக்கும் பெரிய அதிகாரம் அந்த 3 கோடி இல்லை. அரசு மின்னணுத் திட்டங்களுக்குச் செலவிடும் மொத்தத் தொகையையும், துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையின்போது கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு இருக்கிறது. கேள்வி நேரம் இருக்கிறது. அமைச்சர் அவையில் கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று பார்க்க அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேரளச் சட்டமன்றத்தில் மசோதாக்களை ஆராயும் துறைவாரிக் குழுக்கள் 1980 முதல் இயங்குகின்றன. நம் சட்டமன்றத்தில் பெரும்பாலான மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் போகாமலேயே நிறைவேறிவிடுகின்றன. இதை மாற்றச் சொல்லி உறுப்பினர்கள்தான் கேட்க வேண்டும்.

உள்ளூர்ப் பிரதிநிதிகள் முன்கையெடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் கேரளத்தில் உதாரணம் உண்டு. 2002இல் மலப்புறத்தில் தொடங்கிய அட்சயா என்ற கணினிப் பயிற்சித் திட்டத்துக்கு விதை போட்டது மாவட்டப் பஞ்சாயத்து. வீட்டுக்கு ஒருவராவது கணினி பழக வேண்டும் என்று கேட்டார்கள். பயிற்சிக் கட்டணத்தில் பெரும்பங்கை உள்ளாட்சி அமைப்புகளே ஏற்றன. அட்சயா மையங்கள் இன்றும் ஓடுகின்றன.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அம்மா எந்தக் கடையில், எந்தெந்தத் தேதிகளில் திரும்பி வந்தார் என்று எழுதி எம்.எல்.ஏ. அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். அம்மாவுக்கு மட்டும் சரிசெய்து கொடுங்கள் என்று கேட்டு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் வட்டத்தில் சென்ற ஆண்டு ரேகை பதியாமல் திரும்பியவர்கள் எத்தனை பேர், அதற்குக் கடைகளில் பதிவேடு உண்டா, மாற்று வழியில் பொருள் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று உணவுத் துறை அமைச்சரிடம் அவையில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கச் சொல்லுங்கள். மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கு முன்பே கொடுத்துவிட்டால் நல்லது, கேள்விகளுக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும்.