விடுதித் தோழிகளைப் பார்த்துப் பார்த்து மனம் குன்றுகிறது

கேள்வி: தேவிகுளம் வட்டத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், லயத்து வீட்டில் வளர்ந்தவள் நான். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். வகுப்பில் எப்போதும் முதலிடம். இப்போது எர்ணாகுளத்தில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாமாண்டு. செமினாருக்கு எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அறைத் தோழிகளின் மதிப்பெண், ஆங்கிலம், இன்ஸ்டாகிராம் படங்கள் என்று எல்லாவற்றோடும் என்னை ஒப்பிட்டுப் பார்த்துத் தூக்கம் கெடுகிறது. கொழுந்து பறிக்கும் அம்மா போனில் கேட்டால், “நல்லா இருக்கேன்” என்கிறேன். ஒப்பிடுவதை எப்படி நிறுத்துவது? அம்மாவிடம் சொல்லலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மூணாறு

பதில்: ஒப்பிடுவதை அடியோடு நிறுத்துங்கள் என்று உங்களிடம் சொல்லமாட்டேன்; அது யாராலும் ஆகிற காரியமல்ல. தம் திறமையை அளந்துபார்க்கத் திட்டமான அளவுகோல் கிடைக்காதபோது, மனிதர்கள் தம்மைப் போன்ற பிறரை வைத்தே தம்மை எடைபோடுகிறார்கள் என்று அமெரிக்க உளவியலாளர் லியான் ஃபெஸ்டிங்கர் 1954-இல் எழுதினார். ஒரே வயதினர் ஒரே பாடத்தை ஒரே கூரையின் கீழ் படிக்கும் விடுதியில் இது இரவும் பகலும் நடக்கும். எஸ்டேட் பள்ளியில் உங்களோடு படித்தவர்கள் உங்களைப் போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள். இங்கே உடன் இருப்பவர்களில் சிலர் சிறு வயது முதலே ஆங்கிலத்தில் படித்தவர்களாக இருப்பார்கள். ஆகவே, செமினாரில் தடுமாறுவதை வைத்து உங்கள் அறிவை அளப்பது தவறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். அம்மாவிடம் நீங்கள் “நல்லா இருக்கேன்” என்று சொல்வதைப் போலவே, பக்கத்துக் கட்டிலில் இருப்பவளும் தன் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆராய்ந்து 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று, சக மாணவர்கள் படும் துன்பத்தை அவர்கள் உள்ளதைவிடக் குறைவாகவே மதிப்பிட்டார்கள் என்றும், அப்படி மதிப்பிட்டவர்களிடம் தனிமையுணர்வு மிகுந்திருந்தது என்றும் காட்டியது. அழுகையை எல்லோரும் கதவை மூடிக்கொண்டு அழுவதால், சிரிப்பு மட்டுமே வெளியே தெரிகிறது. நீங்களும் வாய் திறக்காததால், உங்களைப் பார்த்து “இவளுக்கென்ன கவலை” என்று ஏங்குபவள் அதே விடுதியில் இருக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படவைத்தது இந்த மௌனம்தான். நெருக்கடியில் சாய ஒரு தோள் உண்டு என்ற நம்பிக்கை, அந்த நெருக்கடி மனதையும் உடலையும் தாக்கும் வேகத்தைத் தணிக்கிறது என்று உளவியலாளர்கள் ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் 1985-இல் விளக்கினார்கள். வாட்ஸ்அப்பில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது இதில் பெரிதல்ல. இரவு பத்து மணிக்குத் தயங்காமல் பேச ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி. உங்களுக்கோ, அந்தத் துணையைத் தரக்கூடியவர்களும் உங்கள் மனதைக் குன்றவைப்பவர்களும் ஒரே அறையில் இருக்கும் அதே பெண்கள். “எனக்கு எத்தனை மார்க், அவளுக்கு எத்தனை மார்க்” என்று பார்க்கும் வரையில் அவர்களிடம் உதவி கேட்க மனம் வராது. “இந்த டைட்ரேஷன் கணக்கை எப்படிப் போட்டாய், ரெக்கார்டில் எப்படி எழுதினாய்” என்று நோட்டை நீட்டிக் கேட்டுப்பாருங்கள். அதுவும் ஒப்பீடுதான், ஆனால் அது உங்களுக்கு ஒரு வழியைக் காட்டும், அவளும் உங்களோடு நெருங்குவாள். மலையாளத்தில் கேளுங்கள், ஆங்கிலம் அதற்குத் தேவையில்லை.

பீர்மேட்டிலிருந்தோ பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்தோ தமிழ் வழியில் படித்து வந்த சீனியர் அக்கா யாராவது கல்லூரியில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவர் அவர்தான். முதல் செமினாரை எப்படிச் சமாளித்தார் என்று கேளுங்கள்.

இன்ஸ்டாகிராமைப் பொறுத்தவரை, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களைக் கொண்டு நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், மூன்று சமூக ஊடகங்களை நாளுக்குப் பத்துப் பத்து நிமிடங்களாகக் குறைத்துக்கொண்டவர்களுக்கு மூன்று வாரங்களில் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. நீங்களும் குறைத்துப்பாருங்கள், படுக்கைக்குப் போனை எடுத்துச் செல்லாதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கமோ பசியோ இல்லாமல் போனாலும், உயிர்மீது வெறுப்புத் தோன்றினாலும், கல்லூரி ஆலோசகரை உடனே பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

அம்மாவிடம் அவசியம் சொல்லுங்கள். அவர் கவலைப்படுவார், பட்டாலும் பரவாயில்லை. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து பறித்து உங்களைப் படிக்கவைப்பவருக்கு இதைத் தாங்கும் மனம் இருக்காது என்று நீங்களாக முடிவுசெய்வது எனக்கு நியாயமாகப் படவில்லை. அவர் வேலை முடிந்து வீடு திரும்பி, தேநீர் குடித்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் அழையுங்கள். “அம்மா, கிளாஸ்ல இங்கிலீஷ்ல பேசப் பயமா இருக்கு. பணம் எதுவும் வேணாம், படிப்பையும் விடமாட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சு” என்று தொடங்குங்கள். பணமோ படிப்போ பிரச்சினையில்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அவரால் பதறாமல் கேட்க முடியும்.