பி.காமா, பி.எஸ்சி கணிதமா? குடியாத்தத்து அம்மா ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவில் கணிதம், கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு முடித்த மகள் பி.எஸ்சி கணிதம்தான் வேண்டும் என்கிறாள். அவளுடைய மாமாவோ, பி.காம் படித்தால்தான் உடனே வேலை என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பது புரிகிறது.

மாமா சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று நம் பக்கம் முழுக்க தோல், ஷூ கம்பெனிகள். ஏற்றுமதி செய்கிற இடத்தில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் தயார் செய்ய, ஜிஎஸ்டி ரீஃபண்டுக்கு விண்ணப்பிக்க, வெளிநாட்டுப் பணம் பேங்கில் வந்து சேர்ந்ததா என்று பார்க்க எப்போதும் ஆள் வேண்டும். வேலூர் ஆடிட்டர் ஆபீஸ்களிலும் மாதாமாதம் 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி படிவம் என்று வேலை ஓடிக்கொண்டே இருக்கும். கணக்கு எழுதும் டேலி மென்பொருளும் எக்செலும் கைக்குப் பழகிய பி.காம் பிள்ளை டிகிரி முடித்த கையோடு சம்பாதிக்கத் தொடங்கலாம். ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவுதான். அதற்கு மேலே போக வேண்டுமென்றால் சிஏ (ஆடிட்டர் படிப்பு), சிஎம்ஏ (செலவுக் கணக்கியல் படிப்பு), எம்பிஏ என்று ஏதாவது ஒன்றைக் கூடவே படிக்க வேண்டியிருக்கும்.

பி.எஸ்சி கணிதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடுவது சிரமம். அதை அடுத்த படிப்போடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி எம்சிஏ என்கிற கம்ப்யூட்டர் மேற்படிப்புக்குப் போகலாம். ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடியில் எம்.எஸ்சிக்கு முயற்சி செய்யலாம். ஆசிரியர் வேலை என்றால் இன்னொரு விஷயம்: பத்தாம் வகுப்பு வரை எல்லாப் பள்ளியிலும் கணக்குப் பாடம் உண்டு, வணிகவியல் பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகிறது. அதனால் பி.எஸ்சி கணிதம், பி.எட். இருந்தாலே பட்டதாரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். வணிகவியல் ஆசிரியராக எம்.காமும் வேண்டும். அரசுப் பள்ளிக்கு டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி மட்டும் போதாது, ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வும் இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும், அதை மறைக்க மாட்டேன்.

பேங்க் பரீட்சையை வைத்து முடிவெடுக்காதீர்கள். அரசு பேங்குகளுக்கு ஆள் எடுக்கும் ஐபிபிஎஸ் கிளார்க் முதல்நிலைத் தேர்வில் 100 கேள்வியில் 35 கணக்கு, 35 ரீசனிங். சதவீதம், வட்டி, விகிதம் போன்ற பள்ளிக்கூடக் கணக்குதான். எந்த டிகிரி படித்தவரும் பழகினால் போட்டுவிடலாம்.

ஒரு விஷயம் கணிதத்துக்குச் சாதகம். பி.எஸ்சி கணிதம் படித்தவள் பிறகு மனம் மாறினால் எம்பிஏ போகலாம்; 60 சதவீதம் மதிப்பெண் இருந்தால் சிஏவின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரே அடுத்த கட்டமான இன்டர்மீடியட்டிலும் சேரலாம். பி.காம் படித்துவிட்டு எம்.எஸ்சி கணிதத்துக்கு வர வழியில்லை.

அப்புறம், முக்கியமானது. கல்லூரிக் கணிதம் வேறு மாதிரி. அங்கே விடை கண்டுபிடிப்பதைவிட ஏன் அப்படி என்று நிரூபிப்பதுதான் அதிகம். கைடில் இருக்கிற மாதிரிக் கணக்குகளைப் போட்டுப் போட்டே நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளைகள், மெய்ப் பகுப்பாய்வு, இயற்கணிதம் என்று பாடம் வந்ததும் திணறுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். மகளுடைய பிளஸ் டூ கணிதப் புத்தகத்தில் கடைசிப் பாடம் தனிநிலைக் கணிதம். ஈருறுப்புச் செயலிக்கு (கூட்டல் போல, இரண்டைச் சேர்த்து ஒன்று தருவது) சமனி உறுப்பு (கூட்டலில் 0 போல, சேர்த்தாலும் எதையும் மாற்றாதது) இருந்தால் அது ஒன்றே ஒன்றுதான் என்று அதில் ஒரு தேற்றம் வரும். புத்தகத்தை மூடிவிட்டு, அது ஏன் உண்மை என்று உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை, அவள் முகத்தைப் பாருங்கள். ஆர்வமாகச் சொன்னால் கணிதத்தில் சேருங்கள். மனப்பாடம் செய்த வரியைத் தேடித் தடுமாறினால் மாமா சொல்வதைக் கேட்கலாம்.

இன்னும் ஒன்று, வீட்டு நிலைமை. மூன்று வருடம் முடிந்ததும் அவள் சம்பளம் வந்தே ஆக வேண்டும் என்ற நிலை இருந்தால் தயங்காமல் பி.காம். மேலே இரண்டு வருடம் தாங்க முடியும், அவளுக்கும் ஆசை இருக்கிறது என்றால் என் ஓட்டு கணிதத்துக்கே.

பி.காமில் வணிகவியல் பிரிவு பிள்ளைகளுக்கு முன்னுரிமை தரும் கல்லூரிகள் உண்டு, அதையும் விசாரியுங்கள். வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, உங்கள் ஊர் திருமகள் ஆலைக் கல்லூரி, டி.கே.எம்., காட்பாடி ஆக்ஸிலியம் என்று எங்கே விண்ணப்பித்தாலும் ஒருமுறை மகளையும் கூட்டிக்கொண்டு நேரில் போங்கள். துறையில் இருக்கும் ஆசிரியரிடம், போன வருடம் முடித்த பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் அவர்களில் ஓரிருவரிடம் உங்கள் மகளே பேசட்டும்.